ஒரே ஒரு மேட்ச்

பந்து வலப்பக்கம் வந்தது. மாயகிருஷ்ணன் இடப்பக்கம் பாய்ந்தான். கரிசல் புழுதி எழுந்து அடங்கியபோது பந்து வலைக்குள் கிடந்தது. கோல்கீப்பர் மண்ணில் கிடந்தான்.

"ஏலே, பந்து எந்தப் பக்கம் வந்துச்சு?" கோட்டுக்கு வெளியே நின்று கேட்டார் தேவஆசீர்வாதம்.

"வலப்பக்கம் சார்."

"நீ எந்தப் பக்கம் விழுந்த?"

"எடப்பக்கம் சார்."

"தெரிஞ்சேதான் விழுந்தியா?"

மாயகிருஷ்ணன் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் கல்லூரியின் கால்பந்து அணிக்கு தேவஆசீர்வாதம் புதிய கோச். இந்த வருஷம் ஆடிய மூன்று ஆட்டமும் தோல்வி. ஹாக்கி ஊர் அது. மட்டையில்லாமல் மைதானத்துக்கு வருகிறவனை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். ஹாக்கிக்குக் கூட்டம் நிற்கும். கால்பந்துக்கு வேலியோரம் மேயும் ஆடுகள்தான். அவையும் இடைவேளைக்கு முன்பே போய்விடும்.

மணப்பாட்டுக் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்தவர் அவர். மனைவி ஷைலா குவைத்தில் நர்ஸ். இங்கே தீப்பெட்டி ஆபீஸை ஒட்டி ஒரு மாடியறை. சுவருக்கு அந்தப் பக்கம் குச்சி அடுக்கும் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். இந்தப் பக்கம் பேச ஆளில்லை. சாயங்காலம் போனில் ஷைலா "சாப்பிட்டியளா" என்பாள். "சாப்பிட்டேன்" என்பார். அதோடு பேச்சு தீர்ந்துவிடும்.

ஒரு ஆளுக்கு மட்டும் மீன்குழம்பு வைக்க அவருக்குக் கை வரவில்லை. சட்டி நிறைய வைத்துவிட்டு, கொட்ட மனமில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்களைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து வாராவாரம் வந்தார்கள். படிப்பு போக மீதி நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் தூக்குகிறவன், விளாத்திகுளத்தில் வத்தல் மூடை ஏற்றுகிறவன், எல்லாரும் உழைத்த பசியோடு வாய் பேசாமல் தின்பார்கள். மீனுக்காகத்தான் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சனிக்கிழமையே தேங்காய் வாங்கி வைத்துவிடுவார்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு தாளாளர் அழைத்தார்.

"கோச், ஒரு மேட்சாவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் ஃபுட்பால் கிடையாது. நீங்களும் கிடையாது. அந்த எடத்துல ஹாக்கி பயலுவளாவது ஆடட்டும்."

இதைப் பையன்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேலைக்காகக் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததையே வீராப்பாக மறுபடியும் சொன்னார்.

"இந்தப் பொட்டக்காட்டுல கெடக்க எனக்கு என்னலே ஆசையா? ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுக் குடுங்க. அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருதேன்."

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தார்.

அடுத்த ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினார்கள்.

காலைப் பயிற்சியைக் கூட்டினார். ஓடி ஓடி உடம்பு தேறியது. தேறிய உடம்போடு இன்னும் வேகமாகத் தோற்றார்கள். மாயகிருஷ்ணனை முன்னால் ஆட அனுப்பிவிட்டு, வன்னியபெருமாளைக் கோல்கீப்பர் ஆக்கினார். கேட்டதற்குக்கூடப் பதில் பேசாத பையன். பந்தை அழகாகப் பிடித்தான். பிடித்த பந்தை எதிரணிக்காரன் காலடியில் கொண்டுபோய்ப் போட்டான்.

கடைசியில், கோல் போடுகிறவனுக்குப் புது பூட்ஸ் என்று அறிவித்தார். மாயகிருஷ்ணனின் பூட்ஸ் வாயைப் பிளந்து சணலால் கட்டப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவன் ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தான்.

"காத்து சார்" என்றான்.

"ஒரு எல அசையலையேலே."

"மேல அடிக்கும் சார்."

கடைசி ஆட்டம் ஐப்பசி மழையில் நடந்தது. கரிசல் குழைந்து பூட்ஸில் அப்பி, ஒவ்வொருவன் காலும் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் தன் கோல்கீப்பருக்கே பந்தைத் தட்டிவிட்டான். கோல்கீப்பர் வழுக்கி விழுந்தான். பந்து அவனைத் தாண்டிப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டது.

தேவஆசீர்வாதம் குடையை எறிந்துவிட்டுக் குதித்தார். திரும்பிப் பார்த்தால் அவருடைய பையன்கள் இழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள்.

"சும்மா நிக்காதியலே. பந்த வெளிய அடிச்சு நேரத்தக் கடத்துங்க."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து நடுவரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மாயகிருஷ்ணன் பந்தைத் தன் கோலை நோக்கி உருட்டிக்கொண்டு வந்தான். பந்து சேற்றில் சிக்கி நின்றது. பள்ளத்தில் இறங்கிய வண்டியைத் தள்ளுகிற மாதிரி மூன்று பேர் சேர்ந்து அதை உதைத்து நகர்த்தினார்கள். வன்னியபெருமாள் ஒதுங்கி வழிவிட்டான். இரண்டாவது கோலும் அதே வழியில் போனது. எதிரணி இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தது.

இரண்டுக்கு ஒன்று. தோல்வி.

அறைக்குப் போய்ச் சேருமுன்பே தாளாளரின் போன் வந்தது. "நாளைலேருந்து வர வேண்டாம் கோச்."

பெட்டியைக் கட்டிலில் திறந்துவைத்துத் துணியை அடுக்கினார். ஊருக்குப் போனாலும் பூட்டிய வீடுதான். மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். காலி பண்ண அதிக நேரம் ஆகவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அணி முழுவதும் மாடிப்படியில் நின்றது. காலில் சேறுகூடக் காயவில்லை. மாயகிருஷ்ணன் கையில் ஒரு பை நிறைய சாளை மீன். ஒருவன் பாக்கியில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லதான் சார். இருந்தாலும் குழம்பு வைங்க."

"தோத்துட்டு வந்து என்னலே இளிப்பு? சொந்தக் கோல்லயே ரெண்டு போட்டிய. கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

சிரிப்பு நின்றது. வன்னியபெருமாள் மட்டும் அவர் தோளுக்கு மேலாக எட்டி, கட்டிலில் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"இன்னும் எதுக்கு சார் பெட்டி கட்டுதிய? ஜெயிச்சாத்தான ஊருக்குப் போயிருவேன்னிய? அதுக்குத்தான நாங்க ஒரு மேட்ச் விடாம இம்புட்டுப் பாடுபட்டுத் தோத்தோம்."