அரைக்கிராமின் பிரஷர் கணக்கு

158 என்றது மெஷின்.

“பொய்” என்றார் அரைக்கிராம்.

முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. பாதம் இரண்டும் தரையில் இருந்தன. கை, மேசை மேல் நெஞ்சு உயரத்துக்கு நீட்டியிருந்தது. பட்டையைச் சுற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமலும் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. அப்புறமும் 158 என்றால் அது மெஷினின் திமிர்தானே?

“மெஷினுக்கும் உங்களுக்கும் வாய்க்கா வரப்புத் தகராறா என்ன? அது ஏங்க பொய் சொல்லப்போகுது?” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே.

“அளக்கற சாமான் எதுவா இருந்தாலும் பொய் சொல்லும். முப்பது வருஷமா நான் பாக்காததா?”

அவர் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டிப் பறிமுதல் செய்வார். அரைக் கிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் கடைவீதி அவருக்கு வைத்த பெயர்தான் அரைக்கிராம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வினை போன வாரம் ஆபீஸ் மருத்துவப் பரிசோதனையில் ஆரம்பித்தது. டாக்டர் பார்த்தபோது 160.

“சில பேருக்கு என்னைப் பார்த்தாலே ஏறும்” என்றார் டாக்டர். “ஒரு வாரம் வீட்டுல பாருங்க. காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை. எழுதிட்டு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரை ஆரம்பிக்கணும். கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வெளிவேலை வேண்டாம்னு எழுதிடுவேன்.”

வெளிவேலை இல்லையென்றால் தபால் பிரிவு. அங்கே இப்போது இருப்பவர் கவர் ஒட்டி ஒட்டியே பேச்சு மறந்து போனவர். கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது அரைக்கிராமின் கண்ணிலேயே நின்றது. அதில் போய் உட்கார்வதைவிடப் பேசாமல் ராஜினாமா செய்துவிடலாம்.

மறுநாள் காலை மெஷின் 160 என்றது. அந்தக் கோபத்தோடு கடைவீதிக்குப் போனவர், முதலில் கண்ணில் பட்ட மளிகைக்கடைக்காரரின் இரண்டு கிலோ கல்லைத் தூக்கிப் புரட்டினார். முத்திரைத் தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“எடை சரியாத்தானே சார் இருக்கு?”

“எடை சரி. தேதி சரியில்ல.”

“கல்லுதானே சார். அது என்ன பாலா, திரிஞ்சு போக?”

“கல்லும் தேயும்யா. பார்த்தா தெரியாது. தினம் பார்க்கறவனுக்குச் சுத்தமா தெரியாது.”

மளிகைக்கடைக்காரர் விடவில்லை. “சரி, நீங்க பெட்டியில தூக்கிட்டு வர்றீங்களே ஆபீஸ் கல்லு, அதை யாரு சார் பாக்கறது?”

“அது வருஷா வருஷம் தலைமை ஆபீசுக்குப் போய் சோதனை முடிச்சிட்டு வரும். சோதிக்காத கல்லு கல்லே இல்ல. வெறும் இரும்பு.”

சீட்டை ஒட்டி, கல்லைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தவருக்கு நடுத்தெருவில் பொறி தட்டியது. கடைக்காரன் கல்லைச் சோதிக்க ஆபீஸ் கல் இருக்கிறது. வீட்டு மெஷினைச் சோதிக்க என்ன இருக்கிறது? பிரஷர் இவ்வளவுதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கையில் மெஷினைக் கட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு கையால் பின்கழுத்தைத் தேய்த்தபடி, நிதானமாகத் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“பொங்கினா பொங்கட்டும். துடைச்சா போச்சு” என்றாள்.

அரைக்கிராம் அப்படியே நின்றுவிட்டார். சமையலறைக் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தபோது, அடுப்பை இரண்டடி தள்ளி வைத்துவிட்டுத் தாளித்தவள் இவள். மகளை வயிற்றில் சுமந்திருந்தபோது பிரஷர் பார்த்த நர்ஸ், 110 என்று எழுதிவிட்டு, “எல்லாருக்கும் இப்படி இருந்துட்டா எனக்கு இங்க வேலையே இல்லம்மா” என்றது அவருக்கு இன்னும் காதில் கேட்டது. வீட்டிலேயே ஆபீஸ் கல்லை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறாரே!

“வா, உக்காரு. கையை நீட்டு.”

“எனக்கெதுக்குங்க?”

“உனக்கில்ல. மெஷினுக்கு.”

மெஷின் உறுமி, பட்டையை இறுக்கி, பெருமூச்சு விட்டு, 148 என்றது.

“மாட்டினான் திருடன்!” அரைக்கிராம் தொடையைத் தட்டினார்.

“எனக்கு 148ஆ?”

“உனக்கு 110. மெஷினுக்குத்தான் 38 கொழுப்பு.”

பிறகு தன் கையில் கட்டிப் பார்த்தார். 156. அதில் 38 போக 118. பள்ளிக்கூடப் பையன் பிரஷர்! கள்ளத்தராசு என்றாலும் எவ்வளவு கள்ளம் என்று தெரிந்துவிட்டால் கணக்குப் போட்டுக்கொள்ளலாமே. மெஷின் தலையில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார். நோட்டில் நான்கு கட்டம் கட்டினார்: மெஷின் சொன்னது, மனைவிக்குச் சொன்னது, கழிவு, உண்மை.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் அவருக்கு 156, அவளுக்கு 154. கழிவு 44. உண்மை 112. நான்காம் நாள் அவருக்கு 154, அவளுக்கு 160. கழிவு 50. உண்மை 104.

“என்னங்க இது, கீழ இறங்கிட்டே போகுது?” முப்பது வருடத்தில் முதல்முறையாக மனைவியின் முகத்தில் கவலை வந்தது. “லோ பிரஷர்னா மயக்கம் வருமாமே?”

சொன்னதுமே அவருக்கு லேசாகத் தலை சுற்றியது.

லோ பிரஷருக்கு உப்பு நல்லது என்று எங்கோ கேட்டிருந்தாள். ஒரு சொம்பு எலுமிச்சை ஜூஸில் உப்பை அள்ளிப் போட்டு வந்தாள்.

“தனியா குடிச்சா மருந்து மாதிரி இருக்கு. நீயும் குடி” என்றார். அவளும் குடித்தாள். ஆளுக்கு ஒரு சொம்பு, காலையும் மாலையும். இடையிடையே கொறிக்க உப்புக்கடலை.

ஐந்தாம் நாள் அவருக்கு 160, அவளுக்கு 168. கழிவு 58. உண்மை 102.

“உப்பு பத்தல” என்றாள்.

கழிவு நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்து, மெஷின் முழுசாகவே கெட்டுவிட்டதோ என்று மருந்துக்கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். அது மனைவிக்கு 170 என்றது. “ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க” என்று அதன் தலையிலும் ஒரு சீட்டு ஒட்டினார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சிரித்தாள் மனைவி. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அன்று மத்தியானம் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது மூக்குக்கு நேரே ஏதோ உரசியது. கண்ணைத் திறந்தார். மனைவியின் விரல்.

“என்னடி பண்ற?”

“மூச்சு வருதான்னு பாத்தேன்.”

ஆறாம் நாள் அவருக்கு 162, அவளுக்கு 174. கழிவு 64. உண்மை 98. ஏழாம் நாள் உண்மை 96. இதே வேகத்தில் போனால் அடுத்த மாதச் சம்பளத்தை வாங்க அரைக்கிராம் இருக்கமாட்டார். முப்பது வருடத்தில் எடுக்காத லீவை எடுத்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பயம், எழுந்தால் நடக்கப் பயம். அவளோ, தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கும் அவருக்கும் காவல் இருந்தாள்.

மறுநாள் காலை மருத்துவமனைக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவளும் அவள்தான். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

“பாவம், என்னைத் தாங்கறது கஷ்டமா இருக்கு அவளுக்கு” என்று அவர் மனசு இளகியது.

வரிசையில் மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். “என்ன சார், இப்படிப் பூப்போல நடந்து வர்றீங்க?”

“பிரஷர் இறங்கிடுச்சு” என்றார் அரைக்கிராம், ஈனக் குரலில்.

நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார். “162 இருக்கு சார்.”

“96!” அரைக்கிராமின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

“96 இருக்கறவங்க இப்படிக் கத்த மாட்டாங்க சார்.”

நோட்டை விரித்தார். நான்கு கட்டத்தையும் விளக்கினார். நர்ஸ் முதல் பக்கத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். “இந்தக் கழிவுங்கறது என்ன சார்?”

“இப்பவே நிரூபிக்கறேன். ஏம்மா, இங்க வந்து உக்காரு.”

மனைவி உட்கார்ந்து கையை நீட்டினாள். 176.

“பாத்தீங்களா! உங்க மெஷின்லயும் 66 கூடுதல்!” என்று எழுந்தார் அரைக்கிராம். வந்த லோ பிரஷர் போன இடம் தெரியவில்லை. பையிலிருந்து சிவப்புச் சீட்டை உருவி, பின்பக்கம் நக்கி, மருத்துவமனை மெஷினின் தலையில் ஒட்டினார். “நோயாளிங்க உயிரோட விளையாடறீங்க. இதை நான் கையோட எடுத்துட்டுப் போகணும்.”

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். நர்ஸ் எழுந்தார். உள்ளே போய் டாக்டர் அறையிலிருந்த பழைய பாதரச மெஷினைத் தூக்கி வந்தார். மனைவியை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார். அப்புறம் பட்டையைச் சுற்றி, காதில் குழாயை மாட்டிக்கொண்டு, பாதரசம் இறங்குவதையே பார்த்தார்.

“178.”

அரைக்கிராம் பையில் அடுத்த சீட்டைத் தேடினார்.

“சார், இவங்களுக்கு 110ன்னு எப்ப பாத்தது?” என்றார் நர்ஸ்.

“எப்பவுமே 110தான் சிஸ்டர். பொண்ணு வயித்துல இருந்தப்ப உங்கள மாதிரி ஒரு நர்ஸே எழுதிக் குடுத்தாங்க.”

“பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?”

“இருபத்தேழு” என்றாள் மனைவி. “அவளுக்கே ரெண்டு குழந்தைங்க.”

“அதுக்கப்புறம் நீங்க பாக்கவே இல்லையாம்மா?”

“எனக்கென்ன நோயா நொடியா, பாக்கறதுக்கு?”

நர்ஸ் அவள் பக்கத்தில் குனிந்தார். “பின்மண்டை வலிக்குதா?”

“ஒரு மாசமாவே வலிக்குதும்மா. இவர் போடற கணக்கைக் கேட்டா யாருக்குத்தான் வலிக்காது?” என்று சிரித்தாள்.

அரைக்கிராம் சிரிக்கவில்லை. பையில் தேடிய கை வெளியே வந்தபோது விரலில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல், மெஷின் ஒவ்வொன்றையும் பார்த்தார். தபால் பிரிவு, பக்கத்து நாற்காலி எல்லாம் எங்கோ போய்விட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மளிகைக்கடைக்காரர் முன்னால் வந்தார்.

“சீட்டை உள்ள வைங்க சார், மெஷின் மேல தப்பில்ல. ரெண்டு மாசம் தாண்டினதுக்கே என் கல்லைத் தூக்கிட்டுப் போனீங்க. நீங்க இருபத்தேழு வருஷமா சோதிக்காத கல்லு, பாவம், தலைவலியோட உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கு!”