உளுந்தூர்பேட்டைத் தட்டு

பயணம் போய்விட்டு வந்து பொய் சொல்லாத மனிதர் என்று இந்தப் பூமியில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். எனக்குப் பழக்கமான நாளில் அவர் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

மாமல்லபுரத்தில் சிற்பக் கடைகள் முடிகிற இடத்தில் பீங்கான் கடை வைத்திருந்தார். கையால் செய்த தட்டு, கோப்பை, கூடவே கோரைப்பாய் விரிப்பு, கொட்டாங்குச்சிக் கரண்டி. சட்டைப் பையில் எந்நேரமும் பழைய பஸ் டிக்கெட்டுகள் பிதுங்கிக்கொண்டிருக்கும் என்பதால் ஊருக்கே அவர் 'டிக்கெட் அண்ணாத்த'. அந்தத் தெருவில் மொராக்கோ கிண்ணம், பாலி தீவுக் கோப்பை எல்லாம் கிடைக்கும். செய்தவரிடம் பாஸ்போர்ட் இருக்காது. அண்ணாத்த மட்டும் தான் போகாத ஊரின் பெயரில் ஓர் உப்புக் கிண்ணம்கூடச் செய்யமாட்டார்.

மாதம் ஒருமுறை பஸ் ஏறுவார். ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, நாள் பூராவும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, அந்த ஊரைப் பாத்திரமாகச் செய்வார். மண் ஈரமாக இருக்கும்போதே அடியில் ஊசியால் ஊர்ப் பெயரையும் டிக்கெட் நம்பரையும் கீறிவிட்டுத்தான் சூளையில் வைப்பார். மதுராந்தகம் ஏரித் தண்ணீர் நிறத்தில் ஜாடி வந்தது. மறைமலைநகர் கம்பெனி பஸ் நிறத்தில் கோப்பை வந்தது. மேல்மருவத்தூர் போய் வந்த மாதம் கடையே சிவப்பாக இருந்தது.

நான் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் குமாஸ்தா. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் மயங்கி, ஞாயிறுதோறும் போய்ப் பொருள்களுக்குப் பெயர் அட்டை எழுதிக்கொடுத்தேன். 'உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு, மத்தியானம்' என்று எழுதச் சொல்வார்.

"யாருண்ணே இதை வாங்குவா?"

"போனவன் வாங்குவான் சார். உன் ஊரு எது?"

"சாத்தூர். அங்க என்ன இருக்கு, வெயிலும் சேவும்தான். பாக்க ஒண்ணும் இல்லண்ணே."

"போய்ப் பாக்காம எப்டி சார் சொல்றது?" என்றார். என் சொந்த ஊரைப் பற்றி, என்னிடமே.

இந்த லட்சணத்தில் வியாபாரம் எப்படி நடக்கும்? பொங்கலுக்குள் கடை தேறாவிட்டால் காலி செய்துவிட வேண்டியது, ஐஸ்கிரீம்காரர் காத்திருக்கிறார் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஈசிஆர் விடுதி ஒன்றிலிருந்து மேனேஜர் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். சாப்பாட்டுக் கூடம் முழுவதற்கும் தட்டுகள் வேண்டும். கடையைக் காப்பாற்ற அந்த ஓர் ஆர்டர் போதும்.

"சான்டோரினி ஃபீல் வேணும்," என்றார் அந்த அம்மா.

"நான் போனதில்லம்மா."

அவர் செல்போனில் படம் காட்டினார். வெள்ளை வீடுகள், நீலக் கடல்.

"கண்ணுதான போய்ட்டு வந்துச்சு, காலு போவலயே. அந்த ஊருக்கு பஸ் கீதா?"

"அது கிரீஸ்ல இருக்கு."

"அப்ப வுட்ருங்க," என்று சொல்லிவிட்டு மண் பிசையப் போய்விட்டார். நான் வாசல் வரை ஓடி, நாளைக்கு வாருங்கள், சான்டோரினி தயாராக இருக்கும் என்று அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன்.

என் மூளை அப்படிப்பட்டது. அலமாரியில் ஆறு உளுந்தூர்பேட்டைத் தட்டுகள் இருந்தன. சுத்த வெள்ளை, ஓரத்தில் நீலக் கரை. மறுநாள் அண்ணாத்த டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் பழைய அட்டைகளை எடுத்துவிட்டு, 'சான்டோரினி, அந்திப் பொழுது' என்று என் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். அந்த அம்மா வந்தார், பார்த்தார், உருகினார்.

"கடல் காத்தே இதுல அடிக்குதுங்க," என்றார்.

சொல்லிக்கொண்டே தட்டைத் திருப்பினார். அட்டையை மாற்றத் தெரிந்த எனக்கு அடிப்பக்கம் ஞாபகமே வரவில்லை.

"இது என்ன? உளுந்தூர்பேட்டைன்னு போட்டிருக்கு, ஏதோ நம்பர் வேற இருக்கு?"

"அது... சூளையோட பேரு," என்றேன்.

"டிக்கெட் நம்பரும்மா," என்றது பின்னால் ஒரு குரல். அண்ணாத்த. "அந்த பஸ் ஸ்டாண்டு டீக்கட சொவுரு இது. வெள்ளைய அடிச்சு ஓரத்துல நீலம் வச்சிருப்பான். சூப்பரா இருக்கும். போனா பாருங்க."

அந்த அம்மா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பொங்கலுக்கு அங்கே ஐஸ்கிரீம் விற்றார்கள். அண்ணாத்த வாயைத் திறந்து என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஆறு தட்டில் ஒன்றை என் கையில் கொடுத்து, "வச்சுக்க சார்," என்றார். வெட்கத்தில் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு சனிக்கிழமை என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

"இன்னா சார், ஆளையே காணோம்?"

"என்னாலதானண்ணே கடை போச்சு."

"கட எங்க போச்சு, திருவிடந்தைல ஷெட்டு போட்டுகினு கீறேன். நீதான் காணாம பூட்ட."

பிரித்தேன். கறுப்பு நிறத்தில் ஒரு கோப்பை. எங்கள் கரிசல் மண்ணின் அதே கறுப்பு. திருப்பிப் பார்த்தேன். 'சாத்தூர்' என்று எழுதி, கீழே ஒன்றல்ல, நான்கு நம்பர்கள். செங்கல்பட்டு, திருச்சி, மதுரை என்று மாறி மாறிப் போயிருக்கிறார்.

"எதுக்குண்ணே அவ்வளவு தூரம்?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம ஆனா நீ என் கடைக்கு வந்தியே. நான் ஒரு வாட்டி உன் ஊருக்குப் போவ வேணாமா? வெயிலு நீ சொன்னாப்லதான். ஆனா பாக்க ஒண்ணும் இல்லன்னியே, அது பொய் சார்."

கோப்பை லேசாகக் கசிகிறது. அவரிடம் சொல்லவில்லை. அடியில் உளுந்தூர்பேட்டைத் தட்டை வைத்துக்கொண்டு, தினமும் அதில்தான் காபி குடிக்கிறேன்.