சிவப்பு வந்தால் கோபம்

செத்தவர்களின் ஆத்மாவை ஒருவர் போட்டோ எடுத்துத் தருகிறார் என்ற செய்தி சரவணம்பட்டிக்கு வந்தபோது, அங்கே வேலை பார்க்கிற கம்ப்யூட்டர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. லீவு போட்டார்கள்.

எடுக்கிறவர் ஜோதிரூப சாமி. இடம், தகரக் கூரை போட்ட ஒரு கல்யாண மண்டபம். ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் செருப்பு விடும் இடம் நிரம்பி, பக்கத்து பேக்கரி வாசல் வரை செருப்பு கிடக்கும். இறந்தவர் பெயர், நட்சத்திரம், இறந்த தேதி, கடைசியாகப் பேசியது, மனக்குறை ஏதாவது உண்டா, எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே ஆன்லைன் படிவத்தில் நிரப்பிவிட வேண்டும். எல்லாம் அறிந்த சாமிக்குப் படிவம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆதார் நகல் கேட்காதவரைக்கும் அவர்களுக்குச் சந்தோஷம்.

மேடையில் சிவப்புத் துணி போர்த்திய கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். சாமி அதன் மூக்கை மேலே திருப்புவார். மேலே என்றால் கூரை. கண்ணை மூடுவார். திரைக்குப் பின்னால் ஒரு பிரிண்டர் முனகும். கறுப்பு வானம், நடுவே புகை மாதிரி மங்கலாக ஓர் ஒளி. அதுதான் ஆத்மாவாம். நீலமாக வந்தால் சாந்தி. சிவப்பாக வந்தால் கோபம். போன மாதம் பெருந்துறைக்காரர் ஒருவருடைய அப்பாவின் படத்தில், ஒளிக்கு நடுவே குதிரைத் தலை மாதிரி இருட்டு விழுந்திருந்தது. "அய்யனார் குதிரையே வந்து ஏத்திட்டுப் போகுது!" என்றார் சாமி. மண்டபமே எழுந்து கும்பிட்டது.

சாய்ப்ரியாவுக்குச் சிவப்பு வந்தது.

அவள் அப்பா சீனிவாசலு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மில்லில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாள் மத்தியானம் மகளுக்குப் போன் செய்தார். மீட்டிங்கில் இருந்தவள் எடுக்கவில்லை. அவள் திரும்பக் கூப்பிட்டபோது எடுக்க அவர் இல்லை. மனக்குறை என்ற கட்டத்தில் இதைத்தான் எழுதியிருந்தாள், இடம் தீரும் வரைக்கும்.

"கூப்பிட்டாரு, நீ எடுக்கலை. அந்தக் கோபத்துலதான் செவந்து நிக்கறாரு" என்றார் சாமி. "வானத்தப் பாக்கற குழாய் ஒண்ணு ஊட்ல இருக்குதல்ல? அதுதான் அவரக் கட்டி வெச்சிருக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்து இங்க ஒப்படைச்சிரு அம்மணி. கோபம் எறங்கிரும்."

படத்தோடு வீட்டுக்கு வந்தவள் அம்மா மடியில் விழுந்து அழுதாள். அம்மா வெங்கடலட்சுமி மகளைத் தட்டிக்கொடுத்தபடியே படத்தை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் தட்டிக்கொடுத்த கை நின்றுவிட்டது.

அவளுக்குத் தெரிந்த படம்தான் அது. ரோஜாப்பூ மாதிரி இருக்கும் ஒரு நெபுலா, வானத்தில் மிதக்கிற வாயு மேகம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே இருக்கும் அவர்களுடைய தென்னந்தோப்பில், நிலா இல்லாத நாட்களாகப் பார்த்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக நூற்றுக்கு மேல் படம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி சீனிவாசலு உண்டாக்கியது. பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்து கொசு அடித்தவள் வெங்கடலட்சுமி. ஏன் சிவப்பு என்று அவளே ஒருநாள் கேட்டிருக்கிறாள். "ஹைட்ரஜன் வாயு லட்சுமி. சூடு பட்டா செவப்பா மின்னும்" என்றார். கோபத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னோர் அடையாளமும் இருந்தது. சாமி குழாய் என்று சொன்ன டெலஸ்கோப் அவரே செய்தது. உள்ளே சின்னக் கண்ணாடியைத் தாங்க நாலு தகடுகள். அதனால் படத்தில் பெரிய நட்சத்திரங்களுக்கெல்லாம் நாலு கோடு முளைக்கும். ஒரு தகடு ஒடிந்தபோது, மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை வெட்டி அந்த இடத்தில் மாட்டினார். மயிரிழை கோணல். அன்றிலிருந்து அவர் எடுத்த படங்களில் நட்சத்திரங்களுக்கு ஒரு பக்கக் கோடு மட்டும் பிளந்து இரட்டையாக விழும். "மாத்திருங்க" என்று வெங்கடலட்சுமி எத்தனையோ தடவை சொன்னாள். "இருக்கட்டும், பாப்பா ஸ்கேலு" என்பார்.

"கண்ணு, இது அப்பா எடுத்த படம். டெலஸ்கோப்போட சேத்து பேஸ்புக்ல கூடப் போட்டிருந்தாரு" என்றாள்.

"அப்பாவுக்குப் புடிச்ச எடம்மா. அதனாலதான் அங்கயே போயிட்டாரு. சாமி சரியாத்தான் சொல்லிருக்காரு."

ஆதாரத்தைக் காட்டினால் அதையும் சாமி கணக்கில் சேர்த்துவிடுகிற பெண்ணிடம் என்ன பேசுவது? வெங்கடலட்சுமி எழுந்து போய், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் காளிச்சாமிக்குப் போன் போட்டாள்.

"காளிச்சாமி, உங்க நட்சத்திரம் என்னங்க?"

"ரோகிணிங்க. ஏனுங்க?"

"நீங்க செத்துட்டீங்கன்னு ஒரு எடத்துல எழுதிக் குடுக்கணும்."

"ஏனுங்க அம்மணி, தேங்கா கொறஞ்சதுக்கா இந்தத் தண்டனை?"

விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு நாளைக்குத்தானுங்களே? செத்துக்கறனுங்க. மத்தியானம் பிரியாணி வாங்கித் தந்துருவீங்கல்ல?"

படிவத்தில் பெயர், ஊர், நட்சத்திரம் எல்லாம் உண்மை. இறந்த தேதி மட்டும் பொய். மனக்குறைக் கட்டத்தில் மூட்டுவலி என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாய்ப்ரியா டெலஸ்கோப்பைப் போர்வையில் சுற்றி, குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். சாமியின் தொண்டர் பாலகோபால் வரவேற்றான். பெரிய கம்பெனியில் மேனேஜர்; வார நாட்களில் நூறு பேரைக் கேள்வி கேட்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

"பட்டப்பகல்ல, தகரத்துக்குள்ள எப்படித் தம்பி வானம் தெரியுது?" என்று வெங்கடலட்சுமி கேட்டாள்.

"குவாண்டம் ஆன்ட்டி" என்றான்.

மைக் கூப்பிட்டது. "காளிச்சாமி, உடுமலைப்பேட்டை!"

சாய்ப்ரியா திடுக்கிட்டாள். "நம்ம காளிச்சாமி அண்ணனா? எப்பம்மா?"

"கேளு" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள் வெங்கடலட்சுமி.

சாமி பெட்டியைக் கூரைக்குத் திருப்பினார். கண் மூடினார். பிரிண்டர் முனகியது. நீலம்!

"சாந்தி! பூரண சாந்தி!" சாமி படத்தை உயர்த்தினார். "மூட்டுவலியெல்லாம் தீந்துபோச்சு. இனிப் பசியில்லை, தாகமில்லை."

"தீரலைங்க சாமி!" பின் வரிசையிலிருந்து தலையில் துண்டு போர்த்திய ஒருவர் முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார். "பசியும் அப்படியேதானுங்க இருக்குது. வெடியால ஒரு டீ குடிச்சதுதான்."

மண்டபமே பின்னால் திரும்பிப் பார்த்தது. எல்லார் வாயும் திறந்திருந்தது.

"யாரப்பா நீ?"

"காளிச்சாமிங்க. ஆத்மாவோட ஒடம்பு."

"அது... அது வேற காளிச்சாமி."

"எங்க ஊட்ல நான் ஒருத்தன்தானுங்க." நொண்டி நொண்டி மேடைக்கு வந்து தன் ஆத்மாவை வாங்கிப் பார்த்தார். "அட, இது ஆறாமீனுங்க, கார்த்திகை நட்சத்திரம்! தண்ணி கட்டப் போறப்பெல்லாம் தலைக்கு மேல பாப்பனே. எங்கப்பன் காலத்துலயும் இது அங்கயேதான் இருந்துச்சு. இதப்போயி நான்னு சொல்றீங்க?"

யாரோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பெருந்துறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய்த் திரையை இழுத்தார். பின்னால் ஒரு லேப்டாப்பும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும். லேப்டாப்பில் இரண்டு ஃபோல்டர்கள்: கோபம், சாந்தி. சாமி மேடையிலிருந்து இறங்கினார். பின்பக்கக் கதவு பூட்டியிருந்தது. டோக்கன் இல்லாமல் யாரும் நுழையாதபடி பூட்டச் சொன்னவர் அவரேதான்.

சாய்ப்ரியா இந்தக் கலவரம் எதையும் பார்க்கவில்லை. காளிச்சாமியின் படத்தைக் கையில் வாங்கி, தன் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத்திலும் சிவப்பிலும் பெரிய நட்சத்திரங்களுக்கெல்லாம் ஒரு பக்கக் கோடு மட்டும் பிளந்து இரட்டையாக இருந்தது.

"அம்மா, இது என் ஸ்கேலு."

"ஆமா கண்ணு."

"அப்ப அப்பா கோபமா இல்லையா?"

"எதுக்குக் கூப்பிட்டாருன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா நானும் அந்த மேடைல ஏறி உக்காந்துக்கலாம்." வெங்கடலட்சுமி போர்வையை விலக்கி, குழாய்க்குள் விரலை விட்டுக் காட்டினாள். துருப்பிடிக்காத அந்தத் துண்டில் சென்டிமீட்டர் எண்கள் இன்னும் தெரிந்தன. "உம்மேல கோபம் வர்ற மனுசனா இருந்தா, இந்தக் கோணல் ஸ்கேல எப்பவோ கழட்டி எறிஞ்சிருப்பாரு."

சாய்ப்ரியா அழுதாள். ஆனால் போன வாரத்து அழுகை இல்லை அது. டெலஸ்கோப்பை மறுபடி போர்வையில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

வாசலில் பாலகோபால் வழி மறித்தான். கையில் அவன் மாமாவின் ஆத்மா. "ஆன்ட்டி, இதாவது நெசமா இருக்குமுங்களா?"

வெங்கடலட்சுமி படத்தைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, இத்தனை வாரம் இங்க வந்து கும்புட்டீங்களே. குனிஞ்ச தலைய ஒரே ஒருக்கா நிமுத்தி, மேல வானம் இருக்குதா தகரம் இருக்குதான்னு பாத்திருந்தா, எங்க காளிச்சாமி சாகாமலே தப்பிச்சிருப்பாருங்க."