ஆனி மாதத்தில் பால் காய்ச்சிய வரலாறு

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
06.07.2008

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட ஈஸ்வரமூர்த்தி அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வரதராஜா வணக்கத்துடன் எழுதுவது. நானும் ரஞ்சினியும் இங்கே குளிரைத் தவிர வேறு எதிரியில்லாமல் இருக்கிறோம். மெல்பேர்ன் பொயிண்ட் குக்கில் நீங்களும் யோகா அக்காவும், உங்கள் முழங்காலும், அக்காவின் கறிவேப்பிலைக் கன்றும் சுகமாயிருக்க முருகனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை ரெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரெலிபோனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை நீங்கள்தான் முடிப்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

நான் ஒரு வெள்ளைக்காரனுக்கு ஓமம் வளர்த்து, மாடிக் கட்டிடம் ஒன்றைக் கொளுத்தி, தீயணைப்புக்காரரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன் என்று உங்கள் கோயிலில் ஒரு கதை நடமாடுகிறதாம். அத்தான், நான் ஓமம் வளர்க்கவில்லை. கட்டிடம் எரியவில்லை. வெள்ளைக்காரன் மட்டும் உண்மை. தீயணைப்பு வண்டியும் உண்மைதான், ஆனால் ஒன்றே ஒன்றுதான் வந்தது. மெல்பேர்ன் வந்து சேர்வதற்குள் அது எப்படி மூன்றானது என்று எனக்குத் தெரியாது.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு காலமும் அதைச் சொல்ல நீங்கள் விட்டதில்லை. பட்டாளத்தில் இருந்து, சண்டைக்குப் போய் வந்து, பிறகு குடும்பம் குலைந்து, குடி கூடி, வீடு வாசல் இல்லாமல் திரிகிற பழைய படைவீரர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்க அரசாங்கம் மானியம் தருகிறது. அந்த மானியம் எங்கள் சின்னச் சங்கத்துக்கு வரும். சங்கத்தில் அந்த மானிய வேலையைப் பார்க்கிறவன் நான். வீட்டுக்காரர்களைக் கெஞ்சி, முற்பணம் கட்டி, கட்டில் மெத்தை பிறிட்ஜ் வாங்கிப் போட்டு, ஆளைக் குடியிருத்தி, பிறகு அந்த ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று தலைநகர் கன்பெராவுக்கு அறிக்கை எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் வங்கி மனேஜராக இருந்தபோது வீடு இருக்கிறவர்களுக்கு மட்டும் கடன் கொடுத்தேன். இப்போது வீடு இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். இதுதான் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் ரஞ்சினி சிரிக்கிறா.

இந்த வருஷ மானியத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். பெயர் நெவில். வியற்நாமில் சண்டை பிடித்தவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள பூங்கா ஓரம் ஒரு பழைய ஸ்டேஷன் வாகனில் குடித்தனம். நெஞ்சில் சளி கட்டி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர். இன்னொரு குளிர்காலத்தைக் காரில் கழித்தால் மூன்றாம் முறை திரும்பி வரமாட்டார் என்று டொக்ரர் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். ஆனால் நெவிலுக்கு வீடு காட்டுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை காட்டுவதை விடக் கஷ்டம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் எனக்குக் காதில் விழுகிறது. முதல் வீட்டைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் ஐசே, உதுக்கு ஒரு வாசல்தான் இருக்கு" என்றார். இரண்டு வாசல் உள்ள வீடு தேடிக் கூட்டிப் போனேன். "வேண்டாம் ஐசே. இஞ்சை நான் செத்துக் கிடந்தாலும் மணம் வந்தாப் பிறகுதான் தேடுவினம். காரில எண்டால் விடிய நடக்கப் போற சனம் கண்ணாடியில தட்டி, நெவில், இருக்கிறீரோ எண்டு கேக்குது" என்றார். அத்தான், கன்பெராவின் படிவத்தில் கண்ணாடியில் தட்டுவதற்கு மானியம் இல்லை.

ஜூன் மாதம் பிறந்ததும் எங்கள் மனேஜர் ஷாரன் கூப்பிட்டா. "வரா, முப்பதாம் திகதிக்குள்ள ஆள் உள்ளுக்கு இருக்க வேணும். இல்லாட்டிக் காசு திரும்பிப் போயிடும். நெவில் காருக்குத் திரும்பிப் போயிடுவார்." என் முழுப் பெயரைச் சொல்ல அவவுக்குப் பத்து வருஷமாக நேரம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் மூன்றாவது வீடு அகப்பட்டது. ஒரு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தட்டில் மூலை யூனிற், முன்வாசலும் உண்டு, குசினியால் முற்றத்துக்குப் போக இன்னொரு வாசலும் உண்டு. மாசி மாதத்திலிருந்து சும்மா பூட்டிக் கிடக்கிறது. ஏன் பூட்டிக் கிடக்கிறது என்றால், அத்தான், அதன் சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெரிய மனிதர். பெயர் வேண்டாம். கோயில் மேடையில் ஏறினால் தானதர்மத்தைப் பற்றி அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் பேசுவார். வீட்டை வாடகைக்கு விடவோ அவருக்கு ஆயிரம் நிபந்தனை. எங்கட ஆக்களாக இருக்க வேண்டும், ஆனால் ஊர் எது என்று முதலில் விசாரிக்க வேண்டும். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கைக்குழந்தை வேண்டாம், குழந்தை பிறக்கிற வயதும் வேண்டாம். இந்த நிபந்தனைகளுக்கு முழுதாகப் பொருந்துகிற ஒருவர் இருந்தால் அவர் சாமி அறையில் படமாகத்தான் இருப்பார். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். ஊரெல்லாம் குளிரில் விறைக்க, ஒரு வீட்டைப் பூட்டி வைத்து அதன் சுவரைக் காவல் காக்கிற மனிதரைப் பற்றி உங்கள் வாயில் என்ன வருகிறது? நல்லகாலம், அந்தப் பெரிய மனிதர் வீட்டுப் பூட்டின் திறப்பையும், வாடகைக்கு விட்டுக் கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தையும் சிட்னியில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் இரக்கக்காரர், படித்தவர், பார்க்கவும் லட்சணமானவர். ஒரே சொல்லில் சம்மதித்துவிட்டார்.

நெவிலைக் கூட்டிப் போய்க் காட்டினேன். இரண்டு வாசலையும் திறந்து மூடிப் பார்த்தார். நடு அறையில் நின்றார். "யோசிப்பம் ஐசே" என்றார். அவருடைய யோசிப்பம் எனக்குத் தெரியும், அது காருக்குப் போகிற வழி. அன்றிரவு நான் சாப்பிடாமல் இருந்ததைக் கண்டு ரஞ்சினி காரணம் கேட்டா. சொன்னேன். "ஏனப்பா, நீங்கள் கட்டில் குடுக்கிறியள், பிறிட்ஜ் குடுக்கிறியள், ஒரு வீட்டிலயாவது பால் காய்ச்சிக் குடுத்தனீங்களே? பால் காய்ச்சாத வீட்டில ஆருக்கு நித்திரை வரும்?" என்றா. இருபது வருஷ உத்தியோகத்தில் என் மூளையில் இது உதிக்கவில்லை.

ஆனால் உடனே அவவே ஒரு தடையும் போட்டா. ஆனி மாதத்தில் வீடு குடிபூரக் கூடாது. இந்த நாட்டு அரசாங்கத்தின் கணக்கு வருஷம் ஆனியில்தான் முடிகிறது என்று நான் வாதாடினேன். "அப்ப கன்பெராவில ஒரு ஐயரும் இல்லையே?" என்று கேட்டா. கடைசியில், வாடகை வீட்டுக்கு மாதம் பார்க்கத் தேவையில்லை, நேரம் மட்டும் பார்த்தால் போதும் என்று இறங்கி வந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஞ்சாங்கத்தை விரித்தேன். முப்பதாம் திகதி திங்கட்கிழமை, அங்கே நேரம் பகல் பன்னிரண்டரைக்கு நல்ல சுபவேளை. அதைச் சிட்னி நேரத்துக்கு மாற்றிக் காலை எட்டு மணி என்று கண்டுபிடித்தேன். வங்கி மனேஜர் கணக்கு அல்லவா, ரஞ்சினி மறுபடி சரிபார்க்கவில்லை.

திங்கள் காலை. புதுப் பானை, பால், சர்க்கரை, கற்பூரம், சாம்பிராணித் தட்டு எல்லாம் வந்தன. நெவிலும் வந்தார், வீட்டுக்காக இல்லை, "பாலை ஏன் ஐசே வேணுமெண்டு வழிய விடுறியள்?" என்று பார்க்க. ஷாரன் ஒப்பந்தப் பத்திரத்தோடு கதிரை இல்லாத வீட்டில் நின்றபடி நின்றா. ரஞ்சினி மின்னடுப்பை முழு வேகத்தில் வைத்து, "பொங்கி வழிய வேணும், ஒருத்தரும் தொடாதேங்கோ" என்று கட்டளை போட்டா. பால் பொங்கியது. அழகாக வழிந்தது. சிவந்த அடுப்புச் சுருளில் விழுந்து கருகிப் புகைந்தது. அந்தப் புகை போதாதென்று நான் பக்தியில் சாம்பிராணியை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். கூரையில் இருந்த அலாரம் வீரிட்டது, அது கத்தியதும் நடைபாதையில் இருந்தது கத்தியது, அதைக் கேட்டு மேல்மாடி முழுதும் கத்தியது, கடைசியில் தீயணைப்பு நிலையத்துக்குத் தானாகவே செய்தி போய்விட்டது. ரஞ்சினி பானையை விட்டுவிட்டு என் பஞ்சாங்கக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறா. "ஐயோ, நாலரை மணித்தியாலத்தைக் கூட்டிறதுக்குப் பதில் கழிச்சுப் போட்டியளே! இது ராகுகாலம்!" என்று அவ போட்ட சத்தத்தில் அலாரம் எனக்குக் கேட்கவில்லை.

நான் பார்த்தது நெவிலை. முகம் வெள்ளைக் கடதாசியாகிவிட்டது. கை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தோடு இவர் ஓடினால் இனி எந்த வீட்டுக்கும் வரமாட்டார், என் முட்டாள் சாம்பிராணி ஒரு மனிதனைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். அவர் ஓடத்தான் செய்தார். ஆனால் வெளியே இல்லை, மேலே. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "வெளியில வாங்கோ! எல்லாரும் கார்ப் பார்க்குக்கு!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு நான்கூட வரிசையில் நின்றேன். காலில் கட்டுப் போட்டிருந்த பிலிப்பீன்ஸ் அம்மா ஒருவர் படியில் திகைத்து நிற்க, அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எல்லாரும் வந்தாச்சோ என்று வீடு வீடாகக் கேட்டார். ஒரு வீட்டுக்காரருக்கும் அடுத்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அதற்காக அவர்கள் எல்லாரையும் நெவில் ஏசினார். அவர்களும் பேசாமல் ஏச்சு வாங்கினார்கள்.

தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய்ப் பானையோடு வெளியே வந்தார்கள். இது என்ன என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கும் முன் நெவில், "பால். வழிய விடத்தான் வேணும். அதுதான் முறை" என்று தளபதிக்கு அறிக்கை கொடுக்கிற மாதிரிச் சொன்னார். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ரஞ்சினி மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு, அகப்பட்ட கோப்பைகளில் ஊற்றி, இரவுடுப்போடு குளிரில் நின்ற எல்லாருக்கும் கொடுத்தா. அந்தப் பிலிப்பீன்ஸ் அம்மா பாலைக் குடித்துக்கொண்டே நெவிலைப் பார்த்து, "நீங்கள் எந்த வீடு? ஒருநாளும் கண்டதில்லையே?" என்று கேட்டார்.

நெவில் திறந்து கிடந்த முன்வாசலைக் கையால் காட்டினார். பிறகு, "கீழ, மூலை வீடு. என்ர வீடு" என்றார்.

ஷாரன் அழுதா. நான் அழவில்லை, எனக்குச் சாம்பிராணிப் புகை. ஒப்பந்தத்தில் நெவில் என் காரின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா இப்போது ஒவ்வொரு நாளும் விடியத் தடியால் அவர் கதவில் தட்டி, இருக்கிறீரோ என்று கேட்கிறாவாம். நெவில் அதை ஒரு முறைப்பாடு மாதிரி என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

இதுதான் நடந்தது. கோயிலில் கேட்பவர்களுக்கு இதை நீங்களே மேடையில் ஏறிச் சொன்னால் நல்லது. அக்காவுக்கு எங்கள் அன்பு, உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எங்களுக்கு வேண்டும், இந்தத் தடவை வழமையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

உங்கள் சொல் தட்டாத மைத்துனன்,
வரதராஜா

பி.கு.: அத்தான், இருந்துகொண்டு வாசியுங்கோ. அந்தப் பெரிய மனிதர் நீங்கள்தான். அந்த லட்சணமான மனிதர் நான்தான். முதலீட்டுக்கு எண்டு வாங்கி, திறப்பையும் அதிகாரப் பத்திரத்தையும் என்னட்டைத் தந்திட்டுப் போனனீங்களே, அந்த யூனிற்தான். வீட்டுக்காரர் என்ர அத்தான் எண்டு ஷாரனுக்கும் கொமிற்றிக்கும் முதலே எழுத்தில அறிவிச்சு அனுமதி எடுத்திட்டன். அறிவிக்காமல் விட்டது உங்களுக்கு மட்டும்தான். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. எங்கட ஆக்களுக்கு மட்டும் எண்டு சொன்னனீங்கள். சண்டையால வீடு போய், போக்கிடமில்லாமல் நிண்ட மனிசன் எங்கட ஆளில்லை எண்டால் வேற ஆரை எங்கட ஆள் எண்டு நான் பிடிக்கிறது? ஏசுறதெண்டால் சனிக்கிழமைக்கு முதல் ரெலிபோன் எடுத்து ஏசுங்கோ. ஏனெண்டால் வீடு தந்த மனிசனுக்கு நேரில நன்றி சொல்ல வேணும் எண்டு நெவில் ஒற்றைக்காலில நிண்டவர், உங்கட நம்பரைக் குடுத்திட்டன். வாற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எடுப்பார். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் தயவுசெய்து குறுக்க பேசாதேங்கோ.