மச்சான் கம்பெனிப் பங்கு

"சைபர்னு எழுது," என்றார் தனசேகரன்.

"எழுத முடியாது அங்கிள்," என்றாள் ஆடிட்டர் தாரகா.

"ஏன், அந்தக் கம்ப்யூட்டர்ல சைபர் இல்லையா?"

லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் தனசேகரனுக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளின் விலையைக் கேட்பவன் ஒன்று வாங்க வந்தவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு எரிய வந்தவனாக இருக்க வேண்டும். இந்தப் பெண் வாங்கவும் வரவில்லை, வயிறும் எரியவில்லை. கடையை நல்ல காலத்திலேயே பிரைவேட் லிமிடெட் ஆக்கியாயிற்று. இந்த வருஷம் கணக்கை ஆடிட் பண்ணித் தா என்று பேங்க் கேட்டுவிட்டது. அதற்காக அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து காலையிலிருந்து விலை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அரிசிக்குக் கேட்டாள், சொன்னார். பருப்புக்குக் கேட்டாள், சொன்னார். கடைசியில் மச்சான் பங்குக்குக் கேட்டாள். அங்கேதான் வினை பிடித்தது.

மச்சான் பாலகிருஷ்ணன், மனைவி தங்கத்தின் தம்பி. துவாஸ் பக்கம் தொழிலாளர் விடுதிகளுக்குச் சாப்பாடு போடும் கம்பெனி தொடங்கியபோது, தங்கம் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால், பங்கு ஒன்று ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர் என்று, கடைப் பெயரில் கொஞ்சம் வாங்கிப் போட்டார் தனசேகரன். அதன்பின் ஒரு விருந்தில் மச்சான் நாலு பேரிடம், "எங்க அத்தான், சின்னதா ஒரு கடை வச்சிருக்கார்," என்று சொல்லிவிட்டான். அந்த 'சின்னதா' தனசேகரனின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிப் பத்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"இத்தனை வருஷமா ஒரு வெள்ளின்னே எழுதிட்டு வந்திருக்கீங்க," என்றாள் தாரகா. "அது வாங்கின விலை. இப்ப ஃபேர் வேல்யூ போடணும்."

"அது என்ன ஃபேர்? அவன்கிட்ட ஃபேரா ஒண்ணுமே கிடையாது."

"சம்பந்தமில்லாத ஒருத்தர், விஷயம் தெரிஞ்சு, யாரும் கட்டாயப்படுத்தாம, வருஷக் கடைசித் தேதியில என்ன குடுத்து வாங்குவாரோ, அதுதான் அங்கிள். அதைக் கண்டுபிடிக்க மூணு லெவல் இருக்கு. டெக்கா மார்க்கெட்ல வெண்டைக்காய் விலை பலகையில எழுதித் தொங்குது இல்ல, அது லெவல் ஒன். பலகை இல்லாட்டி, அதே மாதிரி காய் பக்கத்துக் கடையில என்ன விலைக்குப் போச்சுன்னு பார்ப்போம், அது லெவல் டூ. ரெண்டும் இல்லாட்டி நாமளே ஊகிச்சுக் கணக்குப் போடணும். லெவல் த்ரீ."

தனசேகரன் முகம் மலர்ந்தது. "அப்ப மூணாவதுதான் நமக்குத் தோது. என் வாயில வர்றதுதானே விலை. சைபர்."

"சைபர்னு எழுதினா, ஏன் சைபர்ங்கறதையும் எழுதணும் லா. கணக்குக்குக் கீழ நோட்ஸ்ல, என்ன வச்சு ஊகிச்சோம்னு டிஸ்க்ளோஸ் பண்ணணும். படிக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் இந்த ஊர்ப் பிள்ளைகளின் 'லா'வோடு.

"மச்சானைப் பிடிக்கலைன்னு எழுது."

"அது கணக்குல வராது அங்கிள். அவங்க கம்பெனி போன தடவை தாக்கல் பண்ண கணக்குல லாபம் இருக்கு. புதுக் கணக்கு கேட்டு மெயில் போட்டிருக்கேன், பதில் வரலை."

கல்லாவில் தங்கம் இருந்தாள். அவளும் கம்பெனிக்கு ஒரு டைரக்டர். அவள் கையெழுத்து இல்லாமல் கணக்கு முடியாது. வெந்தயப் பொட்டலத்தைக் கட்டியபடி மெல்லச் சொன்னாள்.

"என் தம்பி பங்கு சைபர்னா, சைபர்னே நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

தனசேகரனுக்கே சந்தேகமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷக் குடும்பத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள். "ஒரு வெள்ளிக்கு மேல எவனாவது கேட்டுட்டா, ஞாயித்துக்கிழமை ரக்ஷனா கல்யாணத்துக்கு என்கூட வரணும். அத்தையும் மாமாவுமா சீர் தட்டு தூக்கி முன்னால நிக்கணும். நீங்களாவே போய் என் தம்பிகிட்ட முதல்ல பேசணும்."

ரக்ஷனா மச்சானின் ஒரே பெண். அந்தக் கல்யாணப் பத்திரிகை வந்த நாளிலிருந்து வீட்டில் இதே பாட்டுத்தான். தங்கம் தனியாகப் போகமாட்டேன் என்கிறாள், தனசேகரன் போகவே மாட்டேன் என்கிறார்.

"ஒருத்தனும் கேக்கலைன்னா?"

"நானும் போகலை. அந்தப் பேச்சையே எடுக்கலை."

"சரி, வார்த்தைன்னா வார்த்தை," என்று தனசேகரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒருத்தனும் வாங்கமாட்டான் என்பதற்கு ஆதாரம்தானே வேண்டும், பத்து நிமிஷத்தில் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். பின்னால் தங்கம் போனை எடுத்து யாரையோ கூப்பிடுவது காதில் விழுந்தது.

நேரே பாத்திரக்கடை முபாரக்கிடம் போனார். முபாரக் ஒரு தேக்கரண்டியைக்கூட மூன்று தடவை தட்டிப் பார்த்து வாங்குகிற ஆள். இல்லை என்று சொல்ல இவரைவிட்டால் லிட்டில் இந்தியாவில் வேறு ஆள் கிடையாது.

"பாய், மச்சான் கம்பெனிப் பங்கு இருக்கு. வாங்கிக்கிறியா?"

முபாரக் சட்டியைத் துடைப்பதை நிறுத்தினார். யோசித்தார். "ரெண்டு வெள்ளின்னா எடுத்துக்கிறேன் அண்ணே."

தனசேகரன் கிட்டே குனிந்தார். "பாய், நல்லாக் கேட்டுக்க. அது உருப்படாத கம்பெனி."

"அப்படியா?"

"சோறு குழையும், குழம்பு கொதிக்காது. விடுதிப் பையனுங்க சாப்பாட்டை வாங்கி அப்படியே பூனைக்குப் போடறானுங்க. பூனையும் மோந்து பார்த்துட்டுப் போயிடுது."

"அண்ணே," என்றார் முபாரக், "நீங்க இவ்வளவு திட்டறீங்கன்னா, மூணு வெள்ளி."

தவறு தனசேகரனுடையதுதான். சரக்கு எடுக்கப் போகிற இடத்தில், பிடித்த சரக்கைப் பார்த்தால், "இது புழு விழுந்தது, இதை எவன் வாங்குவான்," என்று ஆரம்பிப்பார். திட்டத் திட்ட மொத்த வியாபாரி விலையை இறக்குவான். தெருவில் இது குழந்தைக்கும் தெரியும். தனசேகரன் ஒரு மூட்டையைத் திட்டினால், பின்னாலேயே நாலு பேர் அதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் காப்பிக்கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தனசேகரன் தன் மச்சான் கம்பெனியைப் பூனை உவமை சொல்லித் திட்டுகிறார் என்றால் அதில் என்ன புதையல் இருக்கிறதோ என்று பேச்சு. பூமாலைக் கடை அழகேசன் கையில் சாமந்திச் சரத்தோடு ஓடிவந்தார்.

"எனக்கும் கொஞ்சம் குடு தனா. பாய்க்கு மட்டும் குடுக்காத."

தனசேகரன் யோசித்தார். திட்டினால் ஏறுகிறது; அப்படியானால் புகழ்ந்தால் இறங்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, பத்து வருஷத்தில் முதல் தடவையாக மச்சானைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

"அருமையான கம்பெனி. மச்சான் கைராசிக்காரன். மண்ணைத் தொட்டாலும் பொன்னாகும்."

அழகேசன் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தார். "உன் வாயாலயே இதைச் சொல்ல வச்சுட்டான்னா, அவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும். மூணரை வெள்ளி எழுதிக்க."

கடைக்குத் திரும்பியபோது தாரகா எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாள். காப்பிக்கடைக்குப் போய் அவளே விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அங்கிள், ரெண்டு பேர் கேக்கறாங்க. சம்பந்தமில்லாதவங்க. யாரும் கட்டாயப்படுத்தலை. இவங்க கேட்ட விலையையே நேரா கணக்குல எழுதிட முடியாது, கம்பெனிக் கணக்கும் பார்க்கணும். ஆனா இனிமே சைபர்னு எழுத எனக்குக் கை வராது."

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"லெவல் த்ரீல ஏதாவது பேசிப் பார்த்திருக்கலாம். இப்ப நீங்களே ஒரு சந்தையை உண்டாக்கிட்டீங்க லா."

தனசேகரனுக்கு ரத்தம் கொதித்தது. ஒரேயடியாக விற்றுத் தொலைத்துவிட்டால்? பங்கே இல்லாதபோது எதற்கு விலை, எதற்கு நோட்ஸ், எதற்குக் கல்யாணம்? திரும்பப் பாத்திரக்கடைக்கு ஓடினார்.

"பாய், மூணு வெள்ளிதானே? எடு காசை. எல்லாத்தையும் நீயே வச்சுக்க."

முபாரக்கின் முகம் தேய்க்காத பித்தளைபோல் கறுத்தது. "இப்பவேவா அண்ணே?"

"நீதானே கேட்டே?"

"கேட்டேன். கேட்கறது வேற, குடுக்கறது வேற இல்லையா? நல்ல நாள் பார்த்து... கல்யாணம் முடியட்டுமே. அப்புறம், அக்கா கையெழுத்து வேணாமா?"

தங்கத்திடம் போனார். அவள் கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தம்பி பங்கை விக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"காலையில சைபர்னே போடறேன்னியே?"

"எழுதறதுக்குத்தான் சொன்னேன். விக்கறதுக்கா சொன்னேன்? ஒரு வெள்ளிக்கு மேல கேட்டாச்சு. ஞாயித்துக்கிழமை அந்தப் பட்டு வேட்டியைக் கட்டுங்க. பாசிர் ரிஸ் வீட்லேர்ந்து டாக்சி நானே சொல்லிடறேன்."

வார்த்தை கொடுத்தவர் தனசேகரன். எடையில் அரை கிராம் கூடக் குறைய ஏமாற்றமாட்டார், வார்த்தையிலும் அப்படித்தான். அந்த ஒரு கௌரவம் மட்டும் அவருக்குச் சின்னதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கேலாங்கில் கோயில் மண்டபம். தங்கம் தேங்காய்த் தட்டும், தனசேகரன் பட்டுப்புடவைத் தட்டுமாக உள்ளே நுழைந்தார்கள். வாசலில் நின்ற பாலகிருஷ்ணன் பாதியாக இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து தொங்கியது. பெண் கல்யாணம் என்றால் சும்மாவா, அலைந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார் தனசேகரன். தங்கம் அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

"பாலா," என்றார்.

அவன் கண் கொட்டாமல் பார்த்தான்.

தோற்றவனுக்குக் கஞ்சத்தனம் எதற்கு? தனசேகரன் தட்டை நீட்டி, நாலு பேர் காதில் விழும்படியே சொன்னார்: "நீ பெரிய ஆளுப்பா. உன் பங்கைத் தெருவே அடிச்சுக்கிட்டுக் கேக்குது. நான்தான் உன் அருமை தெரியாம இருந்துட்டேன்."

பாலகிருஷ்ணன் அக்காவைப் பார்த்தான். அவள் தேங்காயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் தனசேகரனின் தட்டையும் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "அத்தான், நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன். இந்த நேரத்துல நீங்க வந்ததே போதும் அத்தான்."

தன் புகழ்ச்சிக்கு ஒரு ஆண்பிள்ளை இப்படி அழுவான் என்று தனசேகரன் எதிர்பார்க்கவில்லை. அவருக்கும் மூக்கு விறுவிறுத்தது. "விடுறா, விடுறா," என்றார். தாலி கட்டும்போது முன்னால் நின்றார். அட்சதையைக் குறி பார்த்துப் போட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே போய், "நான் பெண்ணோட மாமா," என்று கை கொடுத்தார். தங்கத்தின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, தோற்றதுகூட அவ்வளவு மோசமில்லை என்று பட்டது.

பந்தியில் முபாரக்கும் அழகேசனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முபாரக் மட்டும் ஏனோ இலையைவிட்டு நிமிரவே இல்லை. தனசேகரன் இரண்டாவது தடவை சாதம் வாங்கிக்கொண்டார். சோறு பூவாக உதிர்ந்தது. குழம்பு மணந்தது. பூனை உவமையை நினைத்து அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது.

பரிமாற வந்தவரை நிறுத்தினார். "நல்லா இருக்குப்பா. மச்சான் கம்பெனிச் சமையல் இவ்வளவு ருசியா இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை."

அந்த ஆள் குழம்பு வாளியைக் கீழே வைத்தார்.

"இது வேற கம்பெனிங்கய்யா. நான் முன்னால அவர்கிட்ட இருந்தவன், இங்க புதுசு. பாலா சார் கிச்சனைப் போன தீபாவளியோட இழுத்து மூடியாச்சே. அண்டா அடுப்பு எல்லாத்தையும் இதோ இந்த முபாரக் பாய் கடைக்கு வித்துக் குடுத்ததே நம்ம தங்கம் அக்காதான்."