அறிவில் ஆதவன்

மரியாதைக்குரிய அத்தானுக்கு, உங்கள் மனைவியின் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமென்றால், என் குரலைக் கேட்டதுமே அக்கா போனை வைத்துவிடுகிறாள்.

உங்கள் ஓய்வு விழாவில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பாராட்டுப் பாட்டை நான்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டதே நீங்கள். மூட்டைகளுக்கு முகவரிச் சீட்டு எழுதுகிறவன் பாட்டுக்கு எங்கே போவேன்? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, 'அறிவில் ஆதவன் எங்கள் மேலாளர்' என்று எழுதினேன். அறிவில் சூரியன் என்று அர்த்தம். இரண்டு வார்த்தைக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருந்தேன். தாளில் ஒரு குற்றமும் கிடையாது. பாடினது நம்ம ஆபீஸ் டெலிபோன் அம்மா. சந்தத்துக்குச் சேர்த்துத்தான் படிக்கணுமாம், தாளம் 'லா'விலதான் விழுமாம், அங்க ஒரு அழுத்து அழுத்தி 'அறிவிலாதவன், அறிவிலாதவன்'னு அவங்க நாலு தடவை பாட, லோடு ஏத்துற ஆளுங்க கூடவே கை தட்ட, நீங்களும் மேடையில தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க. அஞ்சாவது தடவைதான் உங்களுக்கு உறைச்சது. அவங்களை வேலையிலிருந்து தூக்கச் சொல்லி தலைமை ஆபீசுக்கு எழுதிட்டீங்களாம். நல்லா செஞ்சீங்க.

ஆனா ஒண்ணு, அத்தான். பதினெட்டு வருஷமா தினம் காலையில ஆபீஸ் பூரா கேக்குற மாதிரி, "அறிவாளி வந்தாச்சா?"ன்னு என்னைக் கேப்பீங்க. எழுதிப் பாத்தா அது பாராட்டு. நீங்க அந்த 'வா'வை இழுக்குற இழுப்புல அத்தனை பேரும் சிரிப்பாங்க. நான் கொஞ்சம் இழுத்து 'சரிங்க'ன்னு சொல்றதையும் மேசை மேசையா போய் செஞ்சு காட்டுவீங்க. ஒருநாள் தாங்க முடியாம அக்காகிட்ட சொன்னேன். "அறிவாளின்னுதானேடா சொன்னாரு, அதுல என்ன தப்பு?"ன்னா. எழுத்துல தப்பே இல்லதான். அந்த நியாயத்தை என் பாட்டுக்கும் குடுங்கன்னுதான் கேக்குறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் ஓய்வுக்காலம் நிம்மதியாக நீளட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்

பி.கு.: உறையில் போட்டதைத் திரும்ப எடுத்து எழுதுகிறேன். முந்தின நாள் ஒத்திகையிலேயே டெலிபோன் அம்மா, "சேத்துப் பாடினா வேற அர்த்தம் வருதே, பிரிச்சுப் பாடிடட்டுமா?"ன்னு கேட்டாங்க. சேத்தே பாடுங்க, 'லா'வை நல்லா அழுத்துங்கன்னு சொன்னவன் நான்தான். அவங்களை விட்டுடுங்க.