பன்னிரண்டு தட்டு வெந்தயக் கீரை

தாம்பரத்தில் தண்ணீர் ஊற்றப்படாத பொருள் ஒன்று இருந்தால், அதைப் பூவாளி இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்கள் கல்லூரி மண் ஆய்வகத்தின் உதவியாளர் அவர்; பூவாளி நாங்கள் வைத்த பட்டப்பெயர். துறைத்தலைவர் அறையிலிருந்த பிளாஸ்டிக் செடிக்கும் தினம் அரைச் செம்பு விடுவார். கேட்டால், நம்பிக்கை வேண்டும் என்பார்.

பீர்க்கன்கரணை ஏரிச் சேறு, பக்கத்துக் காட்டு மண், இரண்டில் எது செடிக்கான சத்தை அதிகம் பிடித்துவைக்கும் என்பது என் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட். காட்டுக்குள் போக ஒரே ஒரு நாள்தான் அனுமதி கிடைத்தது. ஏரியிலும் காட்டிலுமாகப் பன்னிரண்டு இடங்களில் தோண்டி, பன்னிரண்டு தட்டுகளில் எண் ஒட்டிக் காயவைத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து ஆய்வகக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டு தட்டிலும் வெந்தயக் கீரை.

“சொம்மா கெடந்துச்சும்மா மண்ணு. காயுதேன்னு தண்ணி வுட்டேன். வெறும் மண்ணுக்கு இன்னாத்துக்குத் தண்ணின்னு வெந்தயம் போட்டேன்” என்றார் பூவாளி.

“உரம்?” என்று கேட்டேன்.

“அத்த வுடுவனா? எல்லாத்துக்கும் ஒரே அளவு. பாரபட்சமே கெடையாது.”

மாதிரி போயிற்று, அனுமதி முடிந்தது, ரிப்போர்ட் கொடுக்க மூன்று வாரம், தவறினால் ஒரு வருஷம் வீண். மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டே தட்டுகளைப் பார்த்தேன். ஏரிச் சேற்றில் கீரை கரும்பச்சை. காட்டில் மரத்தடி இலைமக்கு மண்ணில் பரவாயில்லை. சரிவின் சரளை மண்ணிலோ வெளுத்துக் கிடந்தது. அதில் அவர் வழியவழிய ஊற்றிய தண்ணீரோடு உரமும் ஓடியிருந்தது. என் முடிவுரையை அவர் வெந்தயத்தில் எழுதியிருந்தார். ஆனால் தேர்வாளருக்குக் கீரை போதாது, எண்கள் வேண்டும்.

நான் அழுததை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் ஆளைக் காணோம். பதினோரு மணிக்கு வனச்சரக அலுவலகத்திலிருந்து துறைக்குப் போன் வந்தது. உங்கள் ஆள் ஒருவர் காட்டு மண்ணில் கீரை போட்டாராம், தன்னைக் கைது செய்யச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள்.

பஸ் பிடித்து ஓடினேன். பூவாளி அதிகாரி முன்னால் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றார்.

“தப்பு என்னுது சார். என்னை உள்ள வெச்சிட்டு, அந்தப் பொண்ணுக்கு இன்னொரு நாளு குடுங்க.”

அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் தேடினார்.

அந்த வாரமே மறுபடி தோண்டினோம். திரும்பும்போது பஸ்ஸில் பன்னிரண்டு பைகளையும் பூவாளியே மடியில் அடுக்கிக்கொண்டார். ஒன்றையாவது வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

“நீ நோட்டப் பாத்துகினே எங்கியாச்சும் கீய வுட்டுடுவ” என்றார்.

கையை இழுத்துக்கொண்டேன். என் ஒரு வருஷம் முழுக்க அந்த மடியில் இருந்தது. அவ்வளவு பத்திரமாக அது வேறெங்கும் இருந்ததில்லை.